காயில் கடை வளரி அண்ணன்

அவர் கடை போர்டைப் பார்த்து ஒரு தடவையாவது குழம்பாத ஆள் எங்கள் தெருவில் கிடையாது. 'மோட்டார், மிக்ஸி, கிரைண்டர் காயில் கட்டித் தரப்படும்' என்று நீல எழுத்தில் இருக்கும். பக்கத்தில் மோட்டார் படம் வரவேண்டிய இடத்தில், பிறை மாதிரி வளைந்த ஏதோ ஒன்று மஞ்சள் பெயின்டில் இருக்கும். ஒரு முனை தடித்து அகன்றிருக்கும், இன்னொரு முனை மெலிந்து, கை பிடிக்கிற இடத்தில் சின்னக் குமிழோடு முடியும். ஃபேன் இறக்கை என்று நினைத்துக்கொண்டு ஃபேனைத் தூக்கி வருகிறவர்கள் உண்டு. அவரும் வாங்கி வைத்துக்கொள்வார். "ஃபேனும் பாப்பேன். ஆனா அது ஃபேன் இறக்கை இல்ல, வளரி. உங்க வீட்டுல இருக்கா?"

இந்தக் கேள்வியை அவர் கேட்காத இடமில்லை. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் கேட்பார். டவுன் பஸ்ஸில் ஜன்னலோரப் பெரியவரிடம் கேட்பார். ஒரு நாள் பம்புசெட் மோட்டாரைப் பிரித்துப் போட்டுவிட்டு, அதைக் கொண்டுவந்த விவசாயியிடம் "உங்க தாத்தா முயல் வேட்டைக்குப் போனவரா?" என்று ஆரம்பித்தார். போனவர்தான். அன்றைக்கு அந்த மோட்டார் பொழுது சாயும்வரை பிரித்தது பிரித்தபடியே கிடந்தது. ஊரில் அவருடைய சொந்தப் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. என் வயதுக்காரர்களுக்கு அவர் வளரி அண்ணன், மூத்தவர்களுக்கு வளரிக்காரர். மின்வாரிய லைன்மேன்கூட அப்படித்தான் கூப்பிடுவார்.

எங்கள் ஊர் சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர். மருது சகோதரர்கள் 1801 அக்டோபர் 24 அன்று தூக்கிலிடப்பட்ட ஊர். 2006-ல் நான் அவர் கடைக்கு அடுத்த அறையில் ஜெராக்ஸ் கடை போட்டேன். நடுவில் ஒரே சுவர்தான். என் மெஷின் ஓடுகிற சத்தம் அவருக்கும், அவர் காயில் சுற்றும்போது பாடுகிற பாட்டு எனக்கும் கேட்கும். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். எப்போதும் கிளிப்பச்சைச் சட்டைதான் போடுவார், அதே நிறத்தில் அரை டஜன் வைத்திருந்தார். லுங்கியில் செம்புக் கம்பித் துணுக்குகள் ஒட்டிக்கொண்டு வெயிலில் மினுங்கும். கையில் எதைக் கொடுத்தாலும் ஒரு நொடி தூக்கிப் பார்த்து எடை சொல்வார். தேங்காய், செருப்பு, என் கடையின் ஏ4 பேப்பர்க் கட்டு எதுவானாலும் சரி, ஒரு டீ பந்தயம். கடைத் தராசில் வைத்தால் பத்து இருபது கிராம்தான் தள்ளியிருக்கும். பதினைந்து வருஷத்தில் நான் அவருக்கு வாங்கிக் கொடுத்த டீ கொஞ்சமல்ல.

வளரியைப் பற்றித் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எறிந்து அடிக்கிற வளைந்த தடி அது. வளைதடி என்றும் சொல்வார்கள். சிவகங்கை, ராமநாதபுரம், புதுக்கோட்டைச் சீமைகளில் வேட்டைக்கும் போருக்கும் இருந்தது. பெரும்பாலும் வைரம் பாய்ந்த மரத்தில் செய்வார்கள். இரும்பிலும் உண்டு. புதுக்கோட்டைக்காரர்கள் சொன்ன விவரத்தை 1909-ல் எட்கர் தர்ஸ்டன் என்ற ஆங்கிலேயர், தென்னிந்தியச் சாதிகளைப் பற்றிய தன் புத்தகத்தில் பதிந்திருக்கிறார். மெலிந்த முனையைப் பிடித்து, தோளுக்கு மேல் சில சுற்றுச் சுற்றி, வேகம் ஏறியதும் விட வேண்டும். கள்ளர் வீட்டுக் கல்யாணங்களில் மாப்பிள்ளை வீடும் பெண் வீடும் வளைதடியை மாற்றிக்கொள்ளும் வழக்கம் இருந்ததையும், வளைதடியை அனுப்பிப் பெண்ணை அழைத்து வா என்கிற மாதிரி ஒரு சொலவடை இருந்ததையும் அதே புத்தகம் சொல்கிறது. அந்தப் பக்கத்தை நான் ஏ3-யில் பெரிதாக்கி லேமினேட் செய்து கொடுத்தேன். சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைத்தார்.

எறிந்தால் திரும்பி வருமா என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். அந்தக் கேள்வி வந்தால் அண்ணன் முகம் சிவந்துவிடும். "வராது. எறிஞ்சவன்தான் போய் எடுத்துட்டு வரணும். திரும்பி வந்தா அது அடிக்கலைன்னு அர்த்தம்" என்பார். ஆஸ்திரேலியாவில் திரும்பி வருகிற பூமராங் உண்டு, இது கனத்தோடு போய் இறங்குவதற்காகச் செய்தது. இரண்டும் ஒன்றில்லை என்பதை ஊருக்குப் புரியவைக்க அவர் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பையன்களைக் கண்மாய்க்குக் கூட்டிக்கொண்டு போவார்.

கோடையில் கண்மாய் காய்ந்து வெடித்துக் கிடக்கும். கரையில் மூன்று பனை மட்டைகளை நட்டுவிட்டு, நாற்பது தப்படி தள்ளி நிற்பார். கையில் இருப்பது பழைய வளரி அல்ல. பழசை ஒரு நாளும் எறிய மாட்டார், யாரையும் எறிய விடவும் மாட்டார். தானே செதுக்கியதுதான் கண்மாய்க்கு வரும். அதற்கு மரம் தேடுவது பெரிய வேலை. நேர்ப் பலகையை வளைவாக அறுத்துச் செய்தால் இரண்டாம் எறியிலேயே வளைவில் பிளந்துவிடும். மரமே அந்த வளைவில் வளர்ந்திருக்க வேண்டும், ரேகை வளைவோடு ஓட வேண்டும். வண்டிச் சக்கரத்துக்கும் கலப்பைக்கும் உதவுகிற நாட்டுக் கருவேலில் அப்படி ஒரு கிளை கிடைத்தால் வீட்டில் விசேஷம் மாதிரி கொண்டாடுவார். அவருடைய டிவிஎஸ் 50-யில் குறுக்கே கிளையைக் கட்டிக்கொண்டு மதுரை ரோட்டில் வந்தால், எதிரே வருகிற லாரிகள் ஒதுங்கித்தான் போகும்.

எறியும்போது அவர் பேச மாட்டார். மற்ற நேரத்தில் தெருக்கோடி வரை கேட்கிற அந்தக் குரல் அப்போது இருக்காது. இடது காலை முன்னால் வைத்து, மூன்று சுற்று, அப்புறம் இடுப்பு உயரத்துக்குக் கொஞ்சம் கீழே கை திறக்கும். வளரி படுத்த வாக்கில் சுழன்று போகும்போது காற்று அறுபடுகிற ஒரு சத்தம் வரும். கொக்குக் கூட்டம் திடீரென்று எழும்பினால் வருமே, அதற்குப் பக்கத்தில் சொல்லலாம். பனை மட்டை ஒடிவதைவிட அந்தச் சத்தம்தான் எனக்கு நினைவிருக்கிறது. பத்துக்கு நாலு எறி படும். நான் ஒரு கோடை முழுக்க முயன்று ஒரே ஒரு தடவை அடித்தேன். அதற்கு அவர் போட்ட கூச்சலில் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் கலைந்து ஓடின.

இந்த ஆர்வம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்றால், பழைய இரும்புக் கடையிலிருந்து. காயில் கட்டுகிறவர்கள் எரிந்துபோன செம்புக் கம்பியை எடைக்குப் போடுவார்கள். அப்படிப் போகும்போது ஒரு நாள் சாக்கிலிருந்து ஓர் இரும்பு வளரி சரிந்து விழுந்திருக்கிறது. இரும்பு விலைக்கே எடை போட்டு வாங்கி வந்துவிட்டார். எந்த வீட்டிலிருந்து வந்தது என்று கடைக்காரருக்குத் தெரியவில்லை. அதுதான் அவருக்கு உறுத்தல். "சாமானத்தக் காப்பாத்திட்டேன், வீட்டத் தொலைச்சுட்டேன்" என்று பல தடவை சொல்வார். ஆயுதம் என்ற சொல்லை அவர் பயன்படுத்த மாட்டார். எல்லாமே சாமான்தான். பேரனைச் சொல்வது மாதிரி, "சாமான் எப்படி இருக்கான் பாரு" என்பார்.

அவர் சேகரிப்பைப் பற்றி வெளியூரில் பெரிய கதைகள் உலவின. நூற்றுக்கணக்கில் வாளும் வேலும் வைத்திருக்கிறார் என்றார்கள். உண்மையில் அவரிடம் இருந்தது பதினொன்று. இரும்பு வளரி இரண்டு, மர வளரி ஒன்று, ஈட்டி முனை நான்கு, பிடி போன ஒரு வாள், ஒரு பிச்சுவா, மடுவு என்கிற, மான் கொம்பில் செய்த குத்தாயுதம் ஒன்று, அப்புறம் ஒரு கட்டாரி. பதினொன்றும் எடைக்கு வந்தவை, வீடு தெரியாதவை. துப்பாக்கி மட்டும் வேண்டவே வேண்டாம் என்பார். சுட முடியாத அளவுக்குப் பழசாகிப்போன துப்பாக்கிக்கு 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தில் விலக்கு உண்டு என்று நானே அச்செடுத்துக் கொடுத்தேன். "சுட முடியுமா முடியாதான்னு எவன் பாத்துச் சொல்றது? விடு தம்பி" என்று சொல்லிவிட்டார்.

அந்தக் கட்டாரியைச் சுத்தம் பண்ணியதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கட்டாரிக்கு மற்ற கத்திகள் மாதிரிப் பிடி கிடையாது. இரண்டு பக்கச் சட்டங்களுக்கு நடுவே குறுக்காக இரண்டு கம்பிகள் இருக்கும். அவற்றை முஷ்டியால் பிடித்தால் அலகு விரல்கணுக்களுக்கு நேரே நீளும். குத்து விடுவது மாதிரிதான் குத்த வேண்டும். எங்கள் கைக்கு வந்தது துருப்பிடித்து, பார்வைக்கு வெல்லக்கட்டி மாதிரி இருந்தது.

புளி போட்டுத் தேய்க்கலாமே என்றேன். அடிக்க வந்துவிட்டார். புளியும் எலுமிச்சையும் பித்தளைக் குடத்துக்குச் சரி. பழைய இரும்பில் பட்டால் துருவோடு சேர்த்து இரும்பையும் தின்னும். உப்புத்தாளும் கூடாது. அவர் வழி வேறு. இரண்டு நாள் மண்ணெண்ணெயில் ஊறவைத்தார். அப்புறம் மோட்டார் ஸ்லாட்டில் கம்பியை அழுத்துவதற்கு வைத்திருக்கும் மூங்கில் குச்சியின் நுனியைச் சீவி, துருவைச் செதில் செதிலாகப் பெயர்த்தார். மூங்கில் போகாத இடத்துக்குச் செம்புப் பிரஷ். அது அவரே செய்தது. எரிந்த காயிலிலிருந்து உருவிய கம்பியை விரல் நீளத்துக்கு வெட்டி, கட்டாகக் கட்டி, வேப்பங்குச்சியில் இறுக்கியிருப்பார். செம்பு இரும்பைவிட மெது, அதனால் துருவை எடுக்கும், இரும்பைக் கீறாது. கடைசியில் தையல் மெஷின் எண்ணெய் மூன்று சொட்டு. நாலாவது சொட்டு விட்டால் தூசி ஒட்டும் என்பார். தேங்காய் எண்ணெய் போடவே கூடாது, சிக்குப் பிடிக்கும். மரச் சாமான் என்றால் பூச்சி அண்டாமல் வேப்பெண்ணெய்.

ஒன்பது நாள் ஆனது. ஒவ்வொரு நாளும் கடை அடைத்த பிறகு ஒரு மணி நேரம். ஏழாம் நாள், பிடிக் கம்பிகளில் ஒன்றின் நடுவில் சின்னப் பள்ளம் தெரிந்தது. துரு தின்ற பள்ளம் என்று நினைத்தேன். அவர் விளக்கை இழுத்துப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் கட்டாரியை என் கையில் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார். என் நடுவிரல் சரியாக அந்தப் பள்ளத்தில் போய் உட்கார்ந்தது. "எத்தன வருஷம் பிடிச்சிருந்தா இரும்பு தேயும்?" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

கட்டாரி மேல் அவருக்குப் பித்து ஏறியது அதன் பிறகுதான். கிடைத்ததை எல்லாம் படித்தோம். அவருக்கு ஆங்கிலம் வராது, நான் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு படித்துச் சொல்வேன். தஞ்சாவூரில் 17-ஆம் நூற்றாண்டில் செய்த கட்டாரிகளில் கையை மறைக்கிற மாதிரி பாய்போல விரிந்த தகடு இருக்கும். ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்த வாள் அலகுகளை வெட்டி நம் ஊர்ப் பிடியில் தறைந்து செய்தவையும் அவற்றில் உண்டு. 1855-ல் தஞ்சையின் கடைசி அரசர் ஆண் வாரிசு இல்லாமல் இறந்ததும் அரசைக் கம்பெனி எடுத்துக்கொண்டது. பிறகு அரண்மனை ஆயுதசாலையும் கலைந்தது. நிறையப் பழைய இரும்பாகவே போய்விட்டது, தப்பியதில் ஒரு பகுதி சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்தது. இதைப் படித்தபோது அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்த வடையைக் கீழே வைத்துவிட்டார். "ராஜா வீட்டுச் சாமானும் எடைக்குத்தான் போயிருக்கு" என்றார்.

அடுத்த மாதம் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனோம். ராத்திரி பஸ், காலையில் பல் விளக்கிவிட்டு நேராக மியூசியம். தஞ்சையிலிருந்து வந்த, தந்தத்தில் செய்த வளரிகளை தர்ஸ்டன் எழுதியிருந்ததால் அவற்றைப் பற்றியும் பேசிக்கொண்டேதான் போனோம். ஆனால் கட்டாரிகள் இருந்த கண்ணாடிப் பெட்டியை விட்டு அவரை நகர்த்த முடியவில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, ஒவ்வொன்றையும் பார்த்து, கையை முஷ்டியாக்கி, எடை எவ்வளவு இருக்கும் என்று எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். தராசு இல்லாத பந்தயம். காவலாளி முதலில் சந்தேகமாகப் பார்த்தார், அரை மணி நேரத்தில் அவரும் பக்கத்தில் வந்து நின்று கேட்க ஆரம்பித்துவிட்டார். எக்மோரில் எதிரே இருந்த கடையில் இட்லி சாப்பிட்டுவிட்டு மதியம் மறுபடி டிக்கெட் எடுத்து உள்ளே போனோம்.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்கும் மாதம் ஒரு முறை போவோம். செட்டிநாட்டு வீடுகளைப் பிரிக்கும்போது வருகிற எனாமல் தூக்குச்சட்டி, மரத்தூண், கண்ணாடிப் படம் எல்லாம் விற்கும் பழம்பொருள் தெரு. எப்போதாவது வாளோ கட்டாரியோ வரும். அண்ணன் வாங்க மாட்டார், பார்க்கத்தான் போவார். ராஜஸ்தானிலிருந்து வருகிற புதுக் கட்டாரிகளை அமிலத்தில் முக்கி, மண்ணில் புதைத்து எடுத்துப் பழசென்று விற்பது வெளியில் நடக்கிற வியாபாரம். அதை அவர் கையில் வாங்கியதுமே சொல்லிவிடுவார். புதுசில் துரு எங்கும் ஒரே சீராக இருக்கும். பழசில் கை பட்ட இடம் ஒரு மாதிரி, உறைக்குள் இருந்த இடம் ஒரு மாதிரி, மூலை முடுக்கு வேறு மாதிரி. பிடியும் பழசில் சிறிதாக, கையைக் கவ்வுகிற அளவில்தான் இருக்கும்.

அந்தத் தெருவில்தான் அவர் செய்த காரியம் எது என்பது எனக்கு விளங்கியது. ஒரு நாள் ஒரு பெரியவர் மஞ்சள் பையில் எதையோ சுற்றிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினார். அண்ணன் பையின் வளைவைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். பெரியவரை டீக்கடைக்கு இழுத்துக்கொண்டு போனார். வீட்டு மர வளரி. பேத்தி காலேஜ் ஃபீஸுக்காக விற்க வந்திருக்கிறார். அண்ணன் ஒரு மணி நேரம் பேசினார். வளரியின் விலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. உங்கள் வீட்டில் ஆயுத பூசைக்கு இதை எங்கே வைப்பீர்கள், யார் சந்தனம் வைப்பார்கள், சின்ன வயதில் இதைத் தொட்டு அடி வாங்கியிருக்கிறீர்களா, இப்படியே கேட்டுக்கொண்டிருந்தார். பெரியவர் பதில் சொல்லிச் சொல்லி, கடைசியில் பையை மடியில் வைத்துக் கட்டிக்கொண்டார். ஃபீஸுக்கு அண்ணன் தன் சீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்தார். பெரியவர் இரண்டு வருஷத்தில் நெல்லாகவும் காசாகவும் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இப்படி அவர் தடுத்து நிறுத்தியவை நிறைய. வாங்கிச் சேர்க்கிறவர்களுக்கு நடுவில், வாங்காமல் இருப்பதற்கு இவ்வளவு அலைந்த ஒருவரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பொருள் 1972-ஆம் வருஷத்துச் சட்டப்படி தொல்பொருள், அதை வியாபாரம் செய்ய லைசென்ஸ் வேண்டும், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவே முடியாது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஆனால் யாரிடமும் சட்டம் பேச மாட்டார். வீட்டுக்கே போய் மண்ணெண்ணெயும் மூங்கில் குச்சியும் செம்புப் பிரஷும் வைத்துச் சுத்தம் பண்ணிக் கொடுத்து, எண்ணெய் போடும் விதத்தை அந்த வீட்டுப் பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு வருவார். கூலி ஒரு வாய் சாப்பாடு.

திரும்பி வரும்போது ஒன்றே ஒன்று மட்டும் எடுத்து வருவார், அதன் உருவம். மோட்டார் ஸ்லாட்டுக்குள் காயிலுக்கு அடியில் வைக்கிற லெதராய்டு பேப்பர் உண்டு. அட்டை மாதிரி விறைப்பாக இருக்கும், சுருங்காது, கிழியாது. அதன் மேல் வளரியை வைத்துப் பென்சிலால் வரைந்து, விளிம்போடு கத்தரித்துவிடுவார். பின்பக்கம் ஊர், வீட்டு அடையாளம், எடை, தேதி எழுதுவார். 'புளியமரத்துக்கு மேற்கே மூன்றாம் வீடு, அப்பத்தா காது கேட்காது, சத்தமாகப் பேசவும்' என்றுகூட இருக்கும். கடையில் தறிநூல் மாதிரி கம்பிச் சுருள்கள் தொங்கும் ஆணிகளில் ஒன்றில் இந்த அட்டைகள் கொத்தாகத் தொங்கும். காற்றடித்தால் சலசலக்கும். சிங்கம்புணரி, பாகனேரி, நாட்டரசன்கோட்டை, காளையார்கோவில் பக்கம் என்று சுற்று வட்டாரமே அந்த ஆணியில் தொங்கியது.

ராத்திரி கடை அடைத்த பிறகு நான் படித்துக் காட்டியதில் அவருக்கு மிகவும் பிடித்தது கர்னல் ஜேம்ஸ் வெல்ஷ் எழுதிய நினைவுக் குறிப்புகள். 1830-ல் வந்த புத்தகம். வேல் எறியவும் வளரி வீசவும் தனக்கு முதலில் கற்றுத் தந்தவர் சின்ன மருது என்று அந்த வெள்ளைக்காரரே எழுதியிருக்கிறார். கைதேர்ந்தவர் வீசினால் நூறு கஜத்துக்குள் குறி தப்பாது என்றும் எழுதியிருக்கிறார். பிறகு அதே மருதுவை எதிர்த்து நடந்த படையெடுப்பில் அவரும் இருந்தார். தனக்குக் கற்றுக் கொடுத்தவர் தொடை எலும்பு முறிந்து சிறையில் கிடந்ததையும், தூக்கில் தொங்கியதையும் சொல்கிறார். மருதுவின் மகன் துரைசாமி பதினைந்து வயதுப் பையன். மற்றவர்களோடு பினாங்குக்கு நாடு கடத்தப்பட்டான். 1818-ல் வெல்ஷ் பினாங்கில் இருந்தபோது தளர்ந்துபோன ஒருவர் அவரைப் பார்க்க வந்தார். அந்தத் துரைசாமிதான் அவர்.

இந்த இடத்தை அண்ணன் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்வார். எத்தனை தடவை படித்தாலும் அதே இடத்தில் நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்குவார். "கத்துக் குடுத்தவரு புள்ள வந்து நிக்கிறான். இவரு என்ன பண்ணிருப்பாரு? எந்திரிச்சு நின்னிருப்பாரா?" நான் பதில் சொல்லத் தெரியாமல் விளக்கை அணைப்பேன். 1801 டிசம்பரில் மதராஸ் கவர்னர் எட்வர்டு கிளைவ் தென்சீமையில் ஆயுதங்களுக்குத் தடை போட்டதைப் படித்தபோது மட்டும் கொஞ்சம் உற்சாகமானார். வாளும் வேலும் போனாலும் மரத் தடி எரவாணத்தில் தப்பியிருக்கும், யார் கேட்டாலும் ஆடு மேய்க்கிற கம்பு என்று சொல்லியிருப்பார்கள் என்பது அவர் கணிப்பு. ஆதாரம் கேட்டால், "எங்க அப்பத்தா அப்படித்தான் சொல்லிருக்கும்" என்பார்.

ஒரு கசப்பும் நடந்தது. தேர்தல் சமயம். வீட்டில் ஆயுதம் பதுக்கி வைத்திருக்கிறார் என்று யாரோ தகவல் கொடுத்துவிட்டார்கள். வந்தவர்கள் பதினொன்றையும் ஒரே சாக்கில் அள்ளிக்கொண்டு போனார்கள். அவர் மறுக்கவில்லை, தானே சாக்கைப் பிடித்துக் கொடுத்தார். "ஐயா, வெறுங்கையால தொடாதீங்க, வேர்வை பட்டாத் துருப்பிடிக்கும்" என்று மட்டும் சொன்னார். யாரும் காதில் வாங்கவில்லை. பத்தொன்பது நாள் கழித்து, ஒன்றுமில்லை என்று திருப்பிக் கொடுத்தார்கள். கட்டாரியின் அலகில் ஐந்து விரலும் துருவாகப் பதிந்திருந்தன. அன்று அவர் கடை திறக்கவில்லை. மறுநாள் சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் மூங்கில் குச்சி தேய்க்கிற சத்தம் கேட்டது. பாட்டு இல்லை. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து ஈட்டி முனைகளை எடுத்துக்கொண்டேன். இரண்டு பேரும் அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை.

2021 ஐப்பசியில் போய்விட்டார். ராத்திரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், விடிவதற்குள் முடிந்துவிட்டது. மழை. அந்த மழையிலும் எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்தார்கள். யாரையும் எனக்குத் தெரியவில்லை. வந்தவர்களில் பாதிப்பேர் வீட்டம்மாவிடம், "எங்க வீட்டுச் சாமானத்தப் பாத்துக் குடுத்தவரு" என்று சொல்லி அழுதார்கள். பதினொன்றையும் என்ன செய்வது என்று அவர் முன்பே எழுதி வைத்திருந்தார். வீடு தெரியாதவை வீட்டில் இருக்க வேண்டாம், முறைப்படி எழுதிக் கொடுத்து அரசு அருங்காட்சியகத்தில் சேர்க்கவும் என்று. அவர் மகளும் நானும் மனு எழுதி, படமெடுத்து, வரிசை எண் போட்டுச் சேர்த்தோம். லெதராய்டு அட்டைக் கொத்தை மகள் என்னிடம் கொடுத்துவிட்டாள். "எனக்கு ஊரும் தெரியாது, வழியும் தெரியாது சித்தப்பா. அப்பா கூடப் போனது நீங்கதான்."

எண்ணிப் பார்த்தேன், இருநூற்றுப் பதினேழு.

போன வருஷம் ஆயுத பூசைக்கு முந்தின நாள், அட்டைகளில் ஒரு பத்தை எடுத்துக்கொண்டு வண்டியில் கிளம்பினேன். பை நிறைய மூங்கில் குச்சி, பிரஷ், எண்ணெய். அவர் தராசையும் எடுத்துக்கொண்டேன். மூன்றாவது வீடு நாட்டரசன்கோட்டை தாண்டி உள்ளே. புளியமரம் இருந்தது. காது கேட்காத அப்பத்தாவும் இருந்தார், முன்னைவிடச் சுருங்கிப்போய். சத்தமாகச் சொன்னதும் புரிந்துகொண்டு, "வளரிக்காரரு வரலையா?" என்றார். மருமகள் அவர் காதில் குனிந்து சொன்னார். அப்பத்தா கொஞ்ச நேரம் திண்ணையைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, உள்ளே போய் மஞ்சள் துணியில் சுற்றிய வளரியை எடுத்து வந்து என் மடியில் வைத்தார்.

அட்டையை எடுத்து மேலே வைத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை. வளைவு ஒரு விரல் அளவு தள்ளியிருந்தது. குமிழும் வேறு மாதிரி. அட்டை மாறிவிட்டதோ என்று திருப்பிப் பார்த்தேன். 2009 என்ற தேதிக்கும் 455 கிராம் என்ற எடைக்கும் கீழே, மங்கிய பென்சிலில் இன்னொரு வரி இருந்தது. '2015 தை. பழசு போய்விட்டது. கருவேலில் செய்து கொடுத்தது. 430.'

மருமகள்தான் சொன்னார். வீட்டுக்காரருக்கு ஆபரேஷன், கையில் காசில்லை, வந்த ஒரு வியாபாரியிடம் கொடுத்துவிட்டார்கள். விஷயம் தெரிந்து அண்ணன் வந்தபோது திட்டுவார் என்று பயந்திருக்கிறார்கள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அட்டையை எடுத்துப் பார்த்துவிட்டுப் போய், ஒரு மாதம் கழித்து இதைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். அட்டையின் வளைவுக்கு ஏற்ற கிளை கிடைக்கவில்லை என்று ரொம்ப வருத்தப்பட்டாராம். "இது புதுசுதானே, இத எப்படிச் சாமி கும்பிடுறதுன்னு கேட்டேன். கும்பிடக் கும்பிடப் பழசாயிரும் தாயின்னாரு" என்றார் மருமகள்.

வேப்பெண்ணெயைத் துணியில் தொட்டு, குமிழிலிருந்து ஆரம்பித்து ரேகையோடு தடவினேன். பிடியில் ஏழெட்டு வருஷத்துச் சந்தனமும் குங்குமமும் மரத்துக்குள் இறங்கிக் கருஞ்சிவப்பாகியிருந்தது. உளி பட்ட இடங்கள் விரலுக்குத் தெரிந்தன. துடைத்து முடித்ததும் தராசில் தொங்கவிட்டேன். 418 இருந்தது. மரம் உலர்ந்திருக்கிறது. அப்பத்தாவிடம் பென்சில் கேட்டு வாங்கி, அண்ணன் எழுதிய வரிக்குக் கீழே தேதியையும் எடையையும் எழுதினேன்.